ஓரியன் நெபுலா படம் முழுக்க ரவை கொட்டிய மாதிரி நாய்ஸ். எப்படிக் குறைக்கலாம்?

மஸ்கெலியா_ஸ்டூடியோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இதுதான் என் முதல் கேள்வி. மஸ்கெலியா டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். கல்யாணம், சடங்கு வீடு, அடையாள அட்டைப் படம், சாமி படத்துக்கு லேமினேட் எல்லாம் என் கையால்தான் போகும். அதனால் கமெரா எனக்குப் புதிதில்லை. வானம்தான் புதிது.

முதலாளி ஒதுக்கிப் போட்ட பழைய கெனன் 600டி ஒன்றை எனக்கே தந்துவிட்டார். அதோடு வந்த 75-300 லென்ஸை 200 மி.மீ.இல் வைத்து, எஃப் 5.6. வானம் சுழலும் வேகத்துக்குக் கமெராவைத் திருப்பும் ட்ராக்கர் ஸ்டார் அட்வென்ச்சரர், கொழும்பில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இரண்டு சீட்டுக் காசு அதிலேயே போய்விட்டது, வீட்டில் இன்னும் விலை தெரியாது.

இடம் எங்கள் தோட்ட லயத்துக்கு மேலே இருக்கும், தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பழைய பெரட்டுக்களம். தேயிலை ஸ்டோர் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும், மற்றபடி இருட்டு. ஆனால் வடக்குப் பக்கம் மலை. துருவ நட்சத்திரம் நமக்கு ஏழு பாகை உயரத்தில்தான் நிற்கும் என்று ஆப் சொல்கிறது. அந்த ஏழு பாகையையும் தேயிலை மலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் போனில் காம்பஸைப் பார்த்து வடக்கைக் குறித்து, சாய்வு காட்டும் ஆப்பில் ஏழு பாகை வைத்து, "இதுதான் துருவம்" என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எடுத்தது ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம், எம் 42. ஒவ்வொன்றும் 60 செக்கன், ஐஎஸ்ஓ 1600, ரா பைல். ராத்திரி 9 மணிக்குத் தொடங்கி பத்தரைக்கு நிறுத்தினேன், 45 படம் கிடைத்தது. அதற்கு மேல் நிற்க அம்மா விடவில்லை, அந்தப் பக்கம் சிறுத்தைப் புலி நடமாட்டம் இருக்கிறது. மறுநாள் மத்தியானம் ஸ்டூடியோவில் லென்ஸை மூடி 20 டார்க் எடுத்தேன், கமெராவின் சொந்தக் குறையைப் படத்திலிருந்து கழிக்க. எல்லாப் படத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் டீப்ஸ்கைஸ்டாக்கர் நிரலில் போட்டேன்.

நெபுலா வந்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. ஆனால் கொஞ்சம் பிரகாசத்தைக் கூட்டியதும் படம் முழுக்க மணல். சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நிறம். மழை பெய்த மாதிரி ஒரே பக்கம் சாய்ந்த கோடுகள். நடுவில் ஊசி குத்திய மாதிரி கறுப்புப் புள்ளிகள். நட்சத்திரமும் கொஞ்சம் முட்டை வடிவம். அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஏன் ரவையைக் கொட்டி வச்சிருக்க?" என்றார்.

போட்டோஷாப்பில் நாய்ஸ் ரிடக்‌ஷனை இழுத்தால் மணல் போகிறது, கூடவே நெபுலாவும் மெழுகுப் பொம்மை ஆகிவிடுகிறது. நட்சத்திரம் எல்லாம் ஜவ்வரிசி. கல்யாணப் பெண் முகத்துக்குப் போடுகிற வித்தை எதுவும் இங்கே பலிக்கவில்லை.

ஐஎஸ்ஓவைக் குறைக்க வேண்டுமா? வேறு சொப்ட்வெயர் வாங்க வேண்டுமா? சொல்லுங்கள். ஒன்றை விட்டுவிட்டேன், அன்று கொஞ்சம் நிலா வெளிச்சமும் இருந்தது.

ஹட்டன்_ராத்திரி எழுதியது:

வாங்க பிரதர். பிரச்சினை ஐஎஸ்ஓதான். 1600 எல்லாம் இந்தப் பழைய பொடிக்குத் தாங்காது, 400இல் எடுத்துப் பாருங்கள். கமெரா மெனுவில் "லோங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்" என்று ஒன்று இருக்கிறது, அதையும் ஓன் பண்ணுங்கள். கடைசியில் கிராக்ஸ்பேர்ட் என்ற நிரலில் ஏஐ டினாய்ஸ், அதாவது ஏஐ வைத்து நாய்ஸ் எடுப்பது, ஒரு தட்டு. இலவசம்தான். வேலை முடிந்தது.

பண்டாரவளை_கணக்கு எழுதியது:

தம்பி, நெபுலா வந்ததற்கு முதலில் சந்தோஷம். மருந்து எழுதுவதற்கு முன்னால் நாலு கேள்வி.

ஒன்று: 9 மணியிலிருந்து பத்தரை வரை 90 நிமிடம். 60 செக்கன் படம் என்றால் 90க்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். 45தான் வந்திருக்கிறது. மிச்சப் பாதி எங்கே போயிற்று?

இரண்டு: "கொஞ்சம் நிலா" என்றால் எவ்வளவு? அன்று என்ன திதி?

மூன்று: முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரே நட்சத்திரம் எத்தனை பிக்சல் தள்ளிப் போயிருக்கிறது?

நான்கு: கெனன் ரா பைலுக்குள் கமெராவின் வெப்பநிலை பதிவாகியிருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலில் திறந்தால் தெரியும். ராத்திரிப் படத்தில் எவ்வளவு, மத்தியானம் எடுத்த டார்க்கில் எவ்வளவு?

மஸ்கெலியா_ஸ்டூடியோ எழுதியது:

டீச்சர் என்று கூப்பிடலாம்தானே? கேள்வி கேட்கிற விதத்திலேயே தெரிகிறது.

1. மெனுவைத் திறந்து பார்த்தேன். ஹட்டன் அண்ணன் ஓன் பண்ணச் சொன்ன அதே நாய்ஸ் ரிடக்‌ஷன் ஏற்கனவே ஓனில்தான் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கமெரா ஒரு நிமிடம் "பிஸி" என்று காட்டியது. பழைய கமெரா, மெதுவாகத்தான் எழுதும் என்று நினைத்துக்கொண்டேன்.

2. (தலையைக் குனிந்துகொண்டு) மார்கழிப் போயா, பௌர்ணமி லீவு. ஸ்டூடியோ மூடுகிற நாள் மாதத்தில் அது ஒன்றுதான் டீச்சர்.

3. 180 பிக்சல் அளவு. ஒரே நேர்கோட்டில் போயிருக்கிறது.

4. ராத்திரிப் படங்களில் 13 பாகை செல்சியஸ், டார்க்கில் 30.

பண்டாரவளை_கணக்கு எழுதியது:

டீச்சர் என்றே கூப்பிடுங்கள். 31 வருஷம் கணக்குப் படிப்பித்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன், அந்தப் பழக்கம் போகாது.

தம்பி, சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். மார்கழிப் பௌர்ணமியும் திருவாதிரை நட்சத்திரமும் சேர்ந்து வருவதுதானே ஆருத்ரா தரிசனம். திருவாதிரை என்று நாம் சொல்லும் நட்சத்திரம் எது? ஓரியனின் தோளில் சிவப்பாக நிற்கும் பெட்டல்ஜூஸ். அதாவது வருஷத்தில் உள்ள பௌர்ணமிகளில் முழு நிலா ஓரியனை ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அன்றைக்கு ஓரியனைப் படம் பிடித்திருக்கிறீர்கள். கோயிலுக்குப் போக வேண்டிய நாள் அது.

நிலா இருந்தால் என்ன, அது வெறும் பின்னணி வெளிச்சம்தானே, பிறகு கழித்துவிடலாமே என்று கேட்பீர்கள். வெளிச்சத்தைக் கழிக்கலாம். அதோடு வந்த நாய்ஸைக் கழிக்க முடியாது. ஒளி தகரக் கூரையில் விழும் மழைத்துளி மாதிரி, தாறுமாறாக வந்து விழும். ஒரு பிக்சலில் சராசரியாக 100 துளி விழுந்தால் 10 துளி கூடக் குறைய இருக்கும். 1,600 விழுந்தால் 40 கூடக் குறைய இருக்கும். வர்க்கமூலம். இது கமெராவின் குறை இல்லை, ஒளியின் குணமே அப்படி.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனை, கணக்கு உண்மை. ஒரு படத்தில் நெபுலாவின் மங்கலான ஓரத்திலிருந்து வரும் ஒளியால் ஒரு பிக்சலுக்கு 20 எலக்ட்ரோன் சேர்கிறது. அமாவாசை வானத்திலிருந்து 100. கமெரா வாசிக்கும்போது தன் பங்குக்குச் சேர்க்கும் நாய்ஸ் 3, அதன் வர்க்கம் 9. மொத்தம் 129, வர்க்கமூலம் 11.4. 20ஐ 11.4ஆல் வகுத்தால் 1.76. இதுதான் ஒரு படத்தின் தரம். இப்போது போயா. நெபுலா அதே 20. வானம் 1,500 என்று வையுங்கள், நிலா பக்கத்திலேயே நின்றால் பத்து மடங்குக்கு மேல் ஏறுவது சாதாரணம். மொத்தம் 1,529, வர்க்கமூலம் 39.1. தரம் 0.51.

படங்களைச் சேர்க்கும்போது தரம் எண்ணிக்கையின் வர்க்கமூலமாகத்தான் ஏறும். நாலு படம் சேர்த்தால் இரண்டு மடங்கு, நூறு சேர்த்தால் பத்து மடங்கு. அப்படியானால் அமாவாசையில் எடுத்த ஒரு படத்துக்குச் சமமாக வர போயாவில் எத்தனை வேண்டும்? 1.76ஐ 0.51ஆல் வகுத்து வர்க்கியுங்கள். கிட்டத்தட்ட பன்னிரண்டு. உங்கள் 45 படமும் நல்ல இருட்டில் எடுத்த நாலு படத்துக்குச் சமம். மணல் வந்தது அதிசயமில்லை, நெபுலா வந்ததுதான் அதிசயம்.

அடுத்து அந்த மழைக்கோடு. அதற்கு "வோக்கிங் நாய்ஸ்" என்று பெயர், நடக்கிற நாய்ஸ். சென்சரில் சில பிக்சல்கள் எப்போதும் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டும், அவை இடம் மாறாது. உங்கள் நட்சத்திரங்கள் ஒவ்வொரு படத்திலும் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. ஸ்டாக்கர் நட்சத்திரங்களை இழுத்து ஒன்றாக்கும்போது அந்தப் பிக்சல் குறைகள் எதிர்ப்பக்கம் வரிசையாக நடந்து போய்க் கோடாகின்றன. 600டியில் ஒரு பிக்சல் 4.3 மைக்ரோன், 200 மி.மீ. லென்ஸுக்கு அது வானத்தில் 4.4 ஆர்க்செக்கன் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஆர்க்செக்கன்). 180 பிக்சல் என்றால் 800க்குக் கிட்ட, நிமிடத்துக்கு 9. துருவம் ஒரு பாகை பிழைத்தால் நகர்வு ஆகக்கூடியது நிமிடத்துக்கு 15, 16 வரும். ஆகவே உங்கள் துருவம் அரைப் பாகைக்குக் கொஞ்சம் மேலே பிழை. போன் காம்பஸுக்கு இது மோசமே இல்லை. ஒரு படத்துக்குள்ளேயே இரண்டு பிக்சல் நகர்ந்திருக்கிறது, நட்சத்திரம் முட்டையானது அதனால்தான்.

கறுப்புப் புள்ளிக்கு வருவோம். கமெராவுக்குள் அந்த நாய்ஸ் ரிடக்‌ஷன் ஓனில் இருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ஷட்டரை மூடி அதே நேரத்துக்கு ஒரு டார்க் எடுத்து அங்கேயே கழித்துவிடும். உங்கள் 45 நிமிடம் அதற்குத்தான் போனது. அதைவிட, ஒரே ஒரு டார்க்கைக் கழிப்பதால் அந்த டார்க்கின் நாய்ஸும் படத்தில் சேர்ந்துகொள்கிறது. அப்படி ஏற்கனவே கழித்ததை நீங்கள் மறுநாள் இன்னொரு தடவை கழித்தீர்கள். அதுவும் 17 பாகை சூடான டார்க்கை வைத்து. சென்சரில் வெப்பத்தால் ஊறும் மின்னோட்டம் ஏறக்குறைய ஆறு பாகைக்கு ஒரு தடவை இரட்டிக்கும், 17 பாகைக்கு ஏழு மடங்கு. சூடான பிக்சல் இருந்த இடமெல்லாம் குழி தோண்டிவிட்டீர்கள்.

சரி, செய்ய வேண்டியது. காசு கொடுத்து எதுவும் வாங்காதீர்கள்.

தை அமாவாசையை ஒட்டி லீவு கேளுங்கள். அந்த மெனுவை ஓஃப் பண்ணுங்கள். ஐஎஸ்ஓ 1600 அப்படியே இருக்கட்டும். ஹட்டன் தம்பி சொன்னது போல் 400க்கு இறக்கினால் இந்த மொடலில் வாசிப்பு நாய்ஸ் கூடத்தான் செய்யும். ஐஎஸ்ஓ வெளிச்சத்தைக் கூட்டுவதுமில்லை குறைப்பதுமில்லை, வந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். படத்தை விட்டு நாய்ஸ் போக வேண்டுமானால் சென்சருக்கு ஒளி அதிகம் போக வேண்டும்.

துருவம் தெரியாத இடத்தில் துருவத்தைப் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. ஓரியனின் இடுப்புப் பட்டையில் மூன்று நட்சத்திரம், அதில் முதலில் உதிப்பது மின்டகா. வானத்தின் நடுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம். தை மாதக் கடைசியில் இரவு ஒன்பதை ஒட்டி உச்சிக்கு வரும். அதை லைவ் வியூவில் பத்து மடங்கு பெருக்கி, ட்ராக்கர் ஓட ஓட ஐந்து நிமிடம் பாருங்கள். கிழக்கு மேற்கு அசைவைக் கண்டுகொள்ள வேண்டாம். தெற்கே நழுவினால் ட்ராக்கர் சுழலும் அச்சு துருவத்துக்குக் கிழக்கே பார்க்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நழுவினால் மறுபக்கம். உயரத்துக்கு, இருட்டியதும் கிழக்கே தாழ்வாக நிற்கும் புரோசியனை இதே மாதிரி பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். திரையில் தெற்கு எது என்று குழம்பினால் கமெராவைக் கையால் லேசாக வடக்குப் பக்கம் தள்ளுங்கள். நட்சத்திரம் ஓடும் பக்கம்தான் தெற்கு. இரண்டையும் இரண்டு தடவை செய்தால் போதும்.

அப்புறம் டிதர், அதாவது படங்களுக்கு நடுவில் கமெராவை வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்துவது. ஐந்து படத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, ட்ராக்கரில் உள்ள இடம் வலம் பொத்தானை ஒரு தட்டு தட்டுங்கள். பதினைந்து இருபது பிக்சல் நகர்ந்தால் நல்லது. ஒரே அளவில், ஒரே பக்கமாகத் தட்டாதீர்கள், அது இன்னொரு கோடாகிவிடும். கோலப் புள்ளி மாதிரி வேண்டாம், கடுகு சிதறிய மாதிரி வேண்டும். துருவப் பிழையால் வரும் நகர்வு பெரும்பாலும் வடக்கு தெற்கு. இந்தப் பொத்தான் நகர்த்துவது கிழக்கு மேற்கு. ஆகவே கோடு உருவாகவே இடம் இருக்காது. தட்டிய பிறகு பத்து செக்கன் பொறுங்கள், பல்சக்கரம் மறுபடி பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும். ஸ்டாக் பண்ணும்போது சிக்மா கிளிப்பிங் வையுங்கள். ஒரு இடத்தில் ஒரு படத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதை அது தூக்கி எறியும். டிதர் இல்லாமல் அதற்கு எது குறை, எது நட்சத்திரம் என்று தெரியாது.

டார்க்கை அங்கேயே, சாமான் கட்டும் நேரத்தில், லென்ஸை மூடி எடுங்கள். பின்னால் கண் வைக்கும் துவாரத்தையும் துணியால் மூடுங்கள், அதன் வழியாகவும் வெளிச்சம் கசியும். இருபது போதும்.

கந்தப்பளை_கிழங்கு எழுதியது:

டீச்சர் சொன்னதற்கு மேல் கணக்கில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குளிர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் தை மாசியில் வெள்ளைப் பனி விழும். மேகமே இல்லாத, காற்று அசையாத ராத்திரியில்தான் அது விழும். அதாவது கிழங்குச் செடி கருகுகிற ராத்திரிதான் படம் எடுக்க ஆக நல்ல ராத்திரி. அப்பா விடிய எழும்பி வரம்பில் நின்று தலையில் கை வைக்கும்போது நான் பக்கத்தில் சிரித்த முகத்தோடு நிற்க முடியாது. ஆனால் சென்சர் அந்தக் குளிரில் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். ஓகஸ்டில் எடுத்த டார்க்கையும் அதையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு கமெரா என்று நினைப்பீர்கள்.

மஸ்கெலியாவில் உங்களுக்குப் பனியைவிட ஈரம்தான் எதிரி. மவுஸாக்கலை நீர்த்தேக்கத்திலிருந்து ஏறி வரும். லென்ஸில் ஈரம் படர்ந்தால் படம் ஒரேயடியாகக் கெடாது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம் வரும், நெபுலா ஒளி குறையும். நாய்ஸ் மட்டும் குறையாது. பிறகு வீட்டில் வந்து கமெராவைத் திட்டுவோம். ரெஜிபோம் என்கிற தெர்மோகோலை வளைத்து லென்ஸுக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் கட்டுங்கள். யூஎஸ்பி ஹீட்டர் பட்டி கிடைத்தால் அதை லென்ஸ் முன்பக்கம் சுற்றுங்கள். கமெரா பொடியில் சுற்றக்கூடாது, அங்கே குளிர் இருக்கட்டும். பட்டி கிடைக்காவிட்டால் மணலை வறுத்து சொக்ஸில் கட்டியும் சுற்றலாம், அரை மணித்தியாலத்துக்குத் தாங்கும். நான் செய்திருக்கிறேன், அம்மாவின் தாச்சி கறுத்துப்போய் பேச்சு வாங்கினேன்.

பேட்டரி இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன்_ராத்திரி எழுதியது:

ஐஎஸ்ஓ விஷயத்தில் டீச்சர் சொன்னது சரி, நான் பகல் போட்டோ கணக்கில் சொல்லிவிட்டேன். மெனு விஷயத்திலும் மாட்டிக்கொண்டேன். ஆனால் ஏஐ டினாய்ஸை விட்டுக்கொடுக்க மாட்டேன். என் படங்களில் அது செய்கிற வேலை கண்ணால் பார்த்த உண்மை.

பண்டாரவளை_கணக்கு எழுதியது:

விட்டுக்கொடுக்க வேண்டாம். நானும் கிராக்ஸ்பேர்ட் பாவிக்கிறேன். எங்கே, எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிரகாசத்தை இழுப்பதற்கு முன்னால், ஓரங்களை வெட்டி, பின்னணி வெளிச்சச் சாய்வை எடுத்துவிட்டு, அதன் பிறகு போடுங்கள். முழுப் பலத்தில் வேண்டாம், பாதி போதும். கொஞ்சம் மணல் இருந்தால் படம் உயிரோடு இருக்கும். தரம் 3இல் நிற்கும் படத்தில் அதைப் போட்டால் இல்லாத நூலிழைகளைத் தானாக வரைந்து தரும். நெபுலாவில் இருக்கிறதா, நிரல் வரைந்ததா என்று உங்களுக்கே தெரியாது. தரம் 20இல் நிற்கும் படத்தில் அது வெறும் இஸ்திரிப் பெட்டி.

நிறத் திட்டுக்கு இன்னொன்று. கண் பிரகாசத்தில் உள்ள நுணுக்கத்தைத்தான் கூர்ந்து பார்க்கும், நிறத்தை மேலோட்டமாகத்தான் பார்க்கும். ஆகவே நிறத்தில் உள்ள நாய்ஸைப் பலமாக மழுக்கலாம், பிரகாசத்தில் கை வைக்காமல். சிரில் என்ற ஸ்டாக்கிங் நிரலில் பச்சை நாய்ஸை எடுக்கும் கருவி தனியாகவே இருக்கிறது, கெனன் கமெராவின் கிடைக்கோடுகளுக்கும் ஒன்று இருக்கிறது. எல்லாம் இலவசம்.

மஸ்கெலியா_ஸ்டூடியோ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தை அமாவாசை முடிந்தது, கணக்குக் கொடுக்க வந்திருக்கிறேன்.

முதலாளியிடம் "தர்ப்பணம்" என்று சொல்லி லீவு எடுத்தேன். பொய்யில்லை, காலையில் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் ராத்திரி மலை ஏறினேன். முதல் நாள் எட்டு மணிக்கே தண்ணீர்ப் பக்கமிருந்து புகை மாதிரி மூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. பதினொரு மணிவரை படங்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்து இறங்கிவிட்டேன். மறுநாள் திறந்தது.

மின்டகா வேலை செய்தது! முதல் ஐந்து நிமிடத்தில் தெற்கே நழுவியது. அச்சை மேற்கே ஒரு மயிரிழை திருப்பினேன், இப்போது வடக்கே நழுவியது. திரும்பவும் பாதி. மூன்றாம் தடவை ஐந்து நிமிடம் பார்த்தும் அசையவில்லை. பெரட்டுக்களத்தில் தனியாக நின்று கத்திவிட்டேன், கீழே லயத்தில் நாய் எல்லாம் குரைத்தது. அம்மா டோர்ச் அடித்துப் பார்த்தார், புலி என்று நினைத்துவிட்டார்.

152 படம் எடுத்தேன், 60 செக்கன், ஐஎஸ்ஓ 1600. ஐந்துக்கு ஒரு தட்டு. எண்ணிக்கை மறக்காமலிருக்க ஐந்து கல்லை ஒரு சட்டைப் பையிலிருந்து மறு பைக்கு மாற்றிக்கொண்டே இருந்தேன். மேகம் போனது, நான் காலால் முக்காலியைத் தட்டியது என்று 22ஐ எறிந்துவிட்டு 130 மிச்சம். டார்க் அங்கேயே 20, பைலில் பார்த்தால் ராத்திரிப் படத்துக்கும் டார்க்குக்கும் ஒரு பாகைதான் வித்தியாசம்.

சிரிலுக்கு மாறினேன். யாராவது பழைய லெப்டொப்பில் செய்வதாக இருந்தால் எச்சரிக்கை: 18 மெகாபிக்சல் படம், மூன்று நிறம், 32 பிட் என்றால் ஒவ்வொரு படமும் 200 எம்பிக்கு மேல் போகிறது. 130 படத்துக்கு ஒரு கட்டத்துக்கு மட்டும் 28 ஜிபி. நடு வழியில் டிஸ்க் நிரம்பி நின்றுவிட்டது. ஒரு முழுக் கல்யாண வீடியோவை வெளி டிரைவுக்கு மாற்றி இடம் பிடித்தேன். கிராக்ஸ்பேர்ட்டைப் பாதிப் பலத்தில் போட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் முடிந்திருந்தது.

மழைக்கோடு ஒன்றுகூட இல்லை. கறுப்புப் புள்ளி இல்லை. மணல் இருக்கிறது, ஆனால் தேடிப் பார்த்தால்தான். நெபுலாவுக்கு வடக்கே நீலமாக இன்னொரு திட்டு தெரிகிறது. தேடிப் பார்த்தேன், என்ஜிசி 1977, ஓடும் மனிதன் என்கிறார்கள். போன தடவை அது இருந்த இடத்தில் ரவைதான் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். "இப்போ மாவு சலிச்ச மாதிரி இருக்கு" என்றார். அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

இரண்டு குறை மிச்சம். மேற்கு ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வெளிச்சச் சாய்வு. அது சிவனொளிபாத மலை சீசன் விளக்கு என்று நினைக்கிறேன், பாதை முழுக்க விடியும்வரை எரிகிறது. பின்னணியை எடுக்கும் கருவியில் பெரும்பகுதி போய்விட்டது. மற்றது, கீழ் மூலையில் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு ஒரு வளையம். பிளாட்டும், அதாவது ஒரே சீரான வெளிச்சத்தின் படமும், எடுத்துத்தான் போட்டேன், லென்ஸ் முன்னால் வெள்ளை பனியனைக் கட்டி, மறுநாள் பகல் வானத்தில், 25 படம். அப்படியும் போகவில்லை.

கந்தப்பளை_கிழங்கு எழுதியது:

சீசன் விளக்கு வைகாசிவரை இருக்கும், அதற்குள் ஓரியன் போய்விடும். ஆடி ஆவணியில் ஊவாப் பக்கம் வாருங்கள். உங்களுக்கு அங்கே மழை கொட்டும்போது வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வானம் காய்ந்து கிடக்கும். எம் 8, லகூன் நெபுலா தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். டீச்சர் வீட்டு மொட்டை மாடி இருக்கிறதே.

பண்டாரவளை_கணக்கு எழுதியது:

மொட்டை மாடி இல்லை, தகரக் கூரை. முற்றம் இருக்கிறது, வாருங்கள். ஆனால் ஒன்று. லகூன் சிவப்பு, ஹைட்ரஜன் ஒளி, 656 நனோமீற்றர். கமெராவுக்குள் இருக்கும் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஓரியனைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் ஒதுக்க வேண்டி வரும்.

படம் பார்த்தேன் தம்பி. நன்றாக வந்திருக்கிறது. ஓடும் மனிதனின் கால் தெரிகிறது.

வடையைப் பற்றி: அது தூசியின் நிழல். பிளாட் எடுப்பது அதற்காகத்தான். ஆனால் படம் எடுத்தபோது தூசியும் போக்கஸும் எப்படி இருந்தனவோ அப்படியே பிளாட் எடுக்கும்போதும் இருக்க வேண்டும். உண்மையைச் சொல்லுங்கள், பிளாட்டுக்கு முன்னால் லென்ஸைக் கழற்றினீர்களா?

மஸ்கெலியா_ஸ்டூடியோ எழுதியது:

கழற்றினேன் டீச்சர். காலை ஆறு மணிக்கு ஒரு சடங்கு வீட்டு ஓடர், ஸ்டூடியோ கமெரா மக்கர் பண்ணி இதைத்தான் கொண்டு போனேன்.